மாவட்டம் சொல்லுங்கம்மா, தாலுகா சொல்லுங்கம்மா

2021 ஐப்பசி. நாலு நாளாக விடாத மழை. ராத்திரி மூன்றே முக்கால் மணிக்கு நான் 108-ஐ அழைத்தபோது, போனை எடுத்த பெண் முதலில் கேட்டது, "எந்த மாவட்டம்மா?" கூடத்தில் என் அத்தை, என் வீட்டுக்காரரின் அம்மா, கண் இமையைத் தூக்க முடியாமல் கிடக்கிறார். அந்த நேரத்தில் இப்படி ஒரு கேள்வி வந்தால் யாருக்கும் பதறும். எனக்குப் பதறவில்லை. அதற்கான பதிலை நான் ஆறு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

அந்த ஆறு வருஷத்துக்கு முந்தைய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2014 மாசியில் ஒருநாள் விடியற்காலை. மாமா மாட்டுக்கொட்டகையிலிருந்து வந்து திண்ணையில் உட்கார்ந்தவர், நெஞ்சைப் பிசைகிறது என்றார். சட்டை நனையும் அளவுக்கு வியர்வை. வீட்டில் நானும் அத்தையும் மட்டும். வீட்டுக்காரர் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டைக்குக் காவல் படுத்திருந்தார். எங்கள் வீட்டில் எது நடந்தாலும் பெங்களூரில் வேலை பார்க்கும் கொழுந்தனாரைக் கேட்டுச் செய்வதுதான் வழக்கம். அவர் படித்தவர், நாலு பேரைத் தெரிந்தவர். அவருக்குப் போன் போட்டேன். "அண்ணி, நீங்க பயப்படாதீங்க, நான் 108-க்குச் சொல்றேன்" என்றார்.

சொன்னபடியே அழைத்திருக்கிறார். ஆனால் அவர் பெங்களூரில் இருந்துகொண்டு 108 அடித்தால் கர்நாடகத்துக் கட்டுப்பாட்டு அறைதான் எடுக்கும். 108 ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாக நடக்கிற சேவை. அவர்கள் கன்னடத்தில் கேட்டிருக்கிறார்கள், இவர் விளக்கியிருக்கிறார், எண்ணைத் தேடியிருக்கிறார், எங்களைத் திரும்ப அழைத்திருக்கிறார். நாங்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். வண்டி வரவில்லை என்று புரிவதற்கு இருபது நிமிஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதன்பிறகு நான் அழைத்தேன். ஊர்ப் பெயரைச் சொன்னேன். எந்த மாவட்டம், எந்த வட்டம் என்று கேட்டார்கள். எனக்கு ஆத்திரம். "பிள்ளையார் கோயில் பக்கத்துல, தலைவர் வீட்டுக்கு எதிர்ல, எல்லாருக்கும் தெரியும்" என்று கத்தினேன். போனை எடுத்தவர் சென்னையில் இருக்கிறார் என்பது அன்று எனக்குத் தெரியாது. பக்கத்து டவுனில் யாரோ உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். கடைசியில் மேலத்தெருவில் ஒருவருடைய காரில் ஏற்றிக்கொண்டு போனோம். பாதி வழியில் மாமாவின் தலை என் தோளில் சாய்ந்தது.

முன்னாலேயே அழைத்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நானும் அதன்பிறகு யாரையும் கேட்கவில்லை. ஆனால் அந்த இருபது நிமிஷம் என்னைவிட்டுப் போகவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் நான் வேலை பார்க்கும் நடுநிலைப் பள்ளிக்கு 108 வண்டி ஒன்று வந்தது, பிள்ளைகளுக்குச் செயல்விளக்கம் காட்ட. வண்டியில் இரண்டு பேர். ஓட்டுநரைப் பைலட் என்கிறார்கள். இன்னொருவர் மருத்துவ உதவியாளர், அவரை இஎம்டி என்பார்கள். பிள்ளைகள் ஆக்சிஜன் சிலிண்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அந்த உதவியாளரிடம் மாமாவின் கதையைச் சொன்னேன். அவர் ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கினார். நான் இன்றைக்கு ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பதில் பெரும்பாதி அவரிடம் கற்றது.

தமிழ்நாட்டில் 108 தொடங்கியது 2008 செப்டம்பரில். மாநிலத்துக்கே ஒரே கட்டுப்பாட்டு அறை, சென்னையில். கன்னியாகுமரியிலிருந்து அழைத்தாலும் கும்மிடிப்பூண்டியிலிருந்து அழைத்தாலும் அங்கேதான் மணி அடிக்கும். எடுப்பவருக்கு உங்கள் ஊர்ப் பிள்ளையாரையும் தெரியாது, உங்கள் தலைவரையும் தெரியாது. அவருக்கு முன்னால் ஒரு திரை இருக்கிறது. அதில் மாவட்டம், வட்டம், ஊர் என்று படிப்படியாக இறங்கித்தான் அவர் உங்களிடம் வந்து சேர முடியும். எங்கள் ஊர்ப் பெயரை இங்கே புதுக்குடி என்று மாற்றி எழுதுகிறேன். புதுக்குடி என்று டெல்டாவில் மட்டும் எத்தனை ஊர் இருக்கும்! குடிக்காடு, நத்தம், புதூர், மேலூர் எல்லாமே அப்படித்தான். மாவட்டமும் தாலுகாவும் சொல்லாத ஊர்ப் பெயர் அவருக்கு எந்த வழியையும் காட்டாது.

"டீச்சர், நீங்க இடத்தைச் சரியாச் சொன்னதுமே பக்கத்துல எந்த வண்டி சும்மா நிக்குதுன்னு பார்த்துத் தகவல் குடுத்துடுவாங்க. அதுக்கப்புறம் அவங்க கேக்கிற கேள்வியெல்லாம் வண்டி ஓடிக்கிட்டிருக்கும்போது கேக்கிறதுதான். கேள்வி கேக்கிறாங்களே, வண்டி அனுப்பலியேன்னு ஜனங்க போனை வச்சிடறாங்க. அதுதான் எங்களுக்கு வர்ற பெரிய கஷ்டம்" என்றார். முதலில் இடம், அடுத்து என்ன நடந்தது, அப்புறம்தான் ஆள் யார், வயது என்ன, மூச்சு இருக்கிறதா, பேசுகிறாரா என்பதெல்லாம். நாம் அப்படியே தலைகீழாகச் சொல்கிறோம். "எங்க மாமனாருக்கு நேத்து ராத்திரியே சோறு இறங்கல" என்று ஆரம்பித்து, இடம் சொல்வதற்குள் போன் துண்டித்துவிட்டால் என்ன செய்வது?

அன்று சாயங்காலமே ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினேன். திருவாரூர் மாவட்டம், மன்னார்குடி தாலுகா, ஊர், தெரு. மெயின்ரோட்டிலிருந்து எந்த இடத்தில் திரும்ப வேண்டும், திரும்பியதும் இடதுகைப் பக்கம் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டி ரேஷன் கடை, கடையிலிருந்து மூன்றாவது வீடு. அடையாளத்துக்கு ஆலமரத்தையும் ஆள் பெயரையும் எழுதவில்லை. மரம் இருட்டில் தெரியாது, ஆள் பெயர் வெளியூர்க்காரருக்குத் தெரியாது. தண்ணீர்த் தொட்டி எந்த இருட்டிலும் தெரியும். அட்டையை அடுப்படிக் கதவில் ஒட்டினேன். அத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பார். அவரையும் நாலு தடவை படிக்க வைத்தேன்.

இனி அந்த ஐப்பசி ராத்திரிக்கு வருகிறேன்.

கூடத்தில் தரையில் பாய் போட்டுத்தான் அத்தை படுப்பார். கட்டில் வாங்கிப் போட்டும் "முதுகுக்கு ஆகல" என்று தரைக்கே வந்துவிடுவார். இரண்டரை மணி வாக்கில் எழுந்து வயிறு வலிக்கிறது என்றார். ராத்திரி சாப்பிட்ட மரவள்ளிக்கிழங்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்தேன். வாந்தி எடுத்தார். மறுபடி படுக்க வைத்தோம். மூன்றரைக்கு என்னைக் கூப்பிட்டார். குரல் குழறியது. "ஏம்மா, ஒன்ன ரெண்டா பாக்குறேன்" என்றார். விளக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டு இமையும் பாதிக்கு இறங்கி நிற்கின்றன. திறங்க அத்தை என்றால் நெற்றியைச் சுருக்குகிறார், இமை மேலே போகவில்லை.

அட்டையைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. மாவட்டம், தாலுகா, ஊர், தண்ணீர்த் தொட்டி என்று ஒரே மூச்சில் சொன்னேன். "சரிம்மா, வண்டிக்குச் சொல்லிட்டேன், லைன்லயே இருங்க" என்றார் அந்தப் பெண். பிறகு என்ன செய்கிறது என்று கேட்டார். வயிற்றுவலி, வாந்தி, இமை இறங்கியது, இரண்டாகத் தெரிவது எல்லாம் சொன்னேன். "ஒரு நிமிஷம்மா, டாக்டர்கிட்ட குடுக்கறேன்."

அந்த அறையிலேயே டாக்டரும் இருப்பார் என்று உதவியாளர் அன்றைக்குச் சொல்லியிருந்தார். ஆனாலும் அந்நேரத்தில் ஒரு டாக்டர் குரலைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கேட்ட முதல் கேள்வி, "எங்க படுத்திருந்தாங்க, கட்டில்லயா தரையிலயா?"

தரையில் என்றேன்.

"கட்டுவிரியன் கடிச்சிருக்கலாம். அது கடிச்சா வலிக்காது, பல் பட்ட இடமும் பல நேரம் தெரியாது. தேடிக்கிட்டு நேரத்தைக் கழிக்க வேண்டாம். வாயில இனி எதுவும், தண்ணிகூட, குடுக்காதீங்க. இடதுபக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. எச்சில் வெளிய வழியட்டும், தொண்டைக்குள்ள போகக் கூடாது. நடக்க விடாதீங்க. மோதிரம், வளையல் இருந்தா கழட்டிடுங்க. கயிறு எதுவும் கட்டாதீங்க. பக்கத்துலயே உட்கார்ந்து மூச்சை மட்டும் பாத்துக்கிட்டே இருங்க."

ஒவ்வொன்றையும் நான் திரும்பச் சொன்னேன், அவர் "ஆமாம்" என்றார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்துவிட்டார். பாம்பு என்று காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரரிடம், "வண்டிய எடுப்பா, மூணு கிலோமீட்டர்ல மந்திரிக்கிறவர் இருக்காரு, வேரு குடுப்பாரு" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் அப்பாவை அப்படித்தான் காப்பாற்றினார்களாம். நல்ல பாம்போ விரியனோ கடித்தாலும் ஒவ்வொரு கடியிலும் விஷம் இறங்குவதில்லை. விஷமில்லாத பாம்புகளும் ஏராளம். அப்படிப் பிழைத்தவர்கள்தான் மந்திரத்துக்குச் சாட்சி சொல்கிறார்கள். விஷம் இறங்கியவர்கள் சாட்சி சொல்ல வருவதில்லை. நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன். டாக்டர் பெரியவரிடமே பேசினார். "ஐயா, இவங்களுக்கு மூச்சுத் தசை சோர்ந்து போயிட்டிருக்கு. பைக்ல உட்கார வச்சா வழியிலேயே மூச்சு நின்னுடும். வண்டியில ஆக்சிஜன் வருது, கொஞ்சம் பொறுங்க." பெரியவர் பேசாமல் அத்தையின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். நானாகச் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். வண்டி வருவதற்கு முன்னாலேயே அந்தப் போன் அழைப்பு பாதி வைத்தியத்தைச் செய்துவிட்டது என்றுதான் சொல்வேன்.

இங்கே ஒரு தவறு நடந்தது. டாக்டர் வைத்ததும் என் வீட்டுக்காரர் அதே போனை வாங்கி அவர் தங்கைக்கு அழைத்தார். இரண்டு நிமிஷம்தான் பேசினார். அந்த இரண்டு நிமிஷத்தில் வண்டியின் பைலட் மூன்று முறை அழைத்திருக்கிறார். மழையில் வாய்க்கால் பாலத்தில் தண்ணீர் ஏறியிருக்கிறது, வேறு வழி உண்டா என்று கேட்க. லைன் பிஸி. நல்லவேளை, கட்டுப்பாட்டு அறையில் நான் இரண்டாவது எண்ணாகப் பக்கத்து வீட்டுப் பெரியவர் மகனுடைய எண்ணைக் கொடுத்திருந்தேன். அவன் போனை எடுத்தான், வடக்குப் பக்கக் கப்பிரோட்டில் வரச் சொன்னான். 108-க்கு அழைத்த போனை வண்டி வாசலுக்கு வரும்வரை யாரும் தொடக் கூடாது. சொந்தக்காரர்களுக்குச் சொல்ல இன்னொரு போன் இருக்கட்டும், இல்லாவிட்டால் விடிந்து சொல்லிக்கொள்ளலாம்.

அதே பையன் டார்ச்சை எடுத்துக்கொண்டு ரோடு பிரியும் இடத்துக்கு ஓடினான். வெளிச்சத்தை வட்டமாகச் சுற்றிக்கொண்டு நின்றானாம். வீட்டு வாசலில் நான் நாயைக் கட்டினேன், டிராக்டரை ஒதுக்கி நிறுத்தச் சொன்னேன், எல்லா விளக்கையும் போட்டேன். ஆதார் அட்டை, அத்தையின் சர்க்கரை மாத்திரைச் சீட்டு, கொஞ்சம் பணம், ஒரு புடவை எல்லாம் மஞ்சப்பையில் போட்டு வைத்தேன். சின்னச் சின்ன வேலைகள்தான். ஆனால் வண்டி வந்தபிறகு சாவியைத் தேடிக்கொண்டு நிற்கும் வீடுகளை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

நாலேகால் மணிக்குச் சைரன் சத்தம் கேட்டது. உதவியாளர் இந்தமுறை ஓர் இளம்பெண், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அத்தையின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பார்த்தார், முகத்தில் ஆக்சிஜன் வைத்தார். பாதி வழியில் அத்தையின் மூச்சு மேலோட்டமாகப் போனது. அந்தப் பெண் பலூன் மாதிரி இருக்கும் பையை முகமூடியோடு வைத்துப் பொருத்தி, ஆஸ்பத்திரி வாசல்வரை கையால் அமுக்கிக்கொண்டே வந்தார். ஒரு கணமும் நிறுத்தவில்லை. ஓடுகிற வண்டியில் முழங்கால் போட்டபடி, இன்னொரு காதில் கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் பேசிக்கொண்டு. அவர் பெயரைக்கூட நான் அன்று கேட்டுக்கொள்ளவில்லை.

போகும் வழியில் என் வீட்டுக்காரர் தெரிந்த தனியார் மருத்துவமனை ஒன்றின் பெயரைச் சொல்லி அங்கே விடச் சொன்னார். அந்தப் பெண் மறுத்தார். பாம்புக்கடிக்கு முறிமருந்தும் வென்டிலேட்டரும் எங்கே கைவசம் இருக்கிறதோ அந்த அரசு மருத்துவமனைக்குக் கட்டுப்பாட்டு அறை வழியாகத் தகவல் போய்விட்டது, அங்கே ஆயத்தமாக இருக்கிறார்கள் என்றார். அது உண்மைதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாசலிலேயே ஸ்ட்ரெச்சர் நின்றது. எந்த ஆஸ்பத்திரி என்று வண்டியில் வைத்து விவாதிக்காதீர்கள். கிட்டத்தில் எது இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். இந்த நேரத்தில் எங்கே என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அத்தை இரண்டு நாள் வென்டிலேட்டரில் இருந்தார். ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தார். விடிந்ததும் கூடத்தில் நெல் மூட்டைக்குப் பின்னால் அந்தப் பாம்பைப் பையன்கள் பார்த்திருக்கிறார்கள். கறுப்பு உடம்பில் மெல்லிய வெள்ளை வளையங்கள், கட்டுவிரியனேதான். ஆனால் பாம்பைப் பிடித்துக்கொண்டோ அடித்துக்கொண்டோ ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை. அதைத் தேடுகிற நேரம் வீண், இன்னொரு ஆளும் கடிபடுவார். நம் நாட்டில் கொடுக்கும் முறிமருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்துக்கும் சேர்த்துச் செய்யப்பட்டது. அந்த விஷத்தில் பெரும்பகுதியை எடுத்துக் கொடுப்பவர்கள் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978-இல் கூட்டுறவுச் சங்கம் வைத்த இருளர்கள். பாம்பைக் கொல்லாமல் பிடித்து, விஷத்தை எடுத்துவிட்டுத் திரும்பக் காட்டில் விடுகிறார்கள். அத்தையின் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கியதில் அவர்களுடைய கைவேலையும் இருந்தது. இதை அத்தையிடம் சொன்னபோது, "அவங்க புள்ள குட்டி நல்லா இருக்கணும்" என்றார். இப்போது கட்டிலில்தான் படுக்கிறார், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொண்டு.

வீடு வந்த பிறகு ஊரில் பலபேர் என்னிடம் கேட்ட கேள்வி, எதற்கு எந்த நம்பர் என்பதுதான். எல்லா நம்பரையும் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். 112 ஒன்றை நினைவில் வைத்துக்கொண்டால் போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் வழி கிடைக்கும். நம் சிம்முக்குச் சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு எந்தக் கம்பெனி டவர் இருந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு 112 போகும். பழைய 100, 101, 108 எல்லாம் இன்னும் இருக்கின்றன. உடம்புக்கென்றால் நேராக 108 அழைப்பதே எனக்குப் பழக்கம். இரண்டு நாள் காய்ச்சல், மாத்திரை மாற்றிச் சாப்பிட்டுவிட்டோமே என்ற சந்தேகம் இதற்கெல்லாம் 104 இருக்கிறது. வண்டி வராது, ஆனால் ஆலோசனை சொல்வார்கள். பிரசவம் முடிந்து தாயையும் பிள்ளையையும் வீட்டில் கொண்டுவந்து விட 102. கேஸ் சிலிண்டர் கசிந்தால் 1906. இணையத்தில் பணத்தைப் பறிகொடுத்தால் உடனே 1930. குழந்தைகளுக்கு ஆபத்தென்றால் 1098. இவற்றில் எதற்கும் காசு இல்லை, போனில் பேலன்ஸ் இல்லாவிட்டாலும் போகும். அதனாலேயே பிள்ளைகள் விளையாட்டாக 108 அடித்துவிட்டு வைக்கிறார்கள். எங்கள் பள்ளியில் ஒரு பையன் அப்படிச் செய்தான். நான் அவனைத் திட்டவில்லை. அத்தையை வகுப்புக்குக் கூட்டிவந்து அந்த ராத்திரியைச் சொல்லச் சொன்னேன். அவன் அழுதுவிட்டான்.

ரோட்டில் விபத்தைப் பார்த்தால் இடம் சொல்வது இன்னும் கஷ்டம். அது நம் ஊராக இருக்காது. அங்கே கிலோமீட்டர் கல்லைப் பார்க்க வேண்டும். மேலே மஞ்சள் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் உள்ள ஊரையும் தூரத்தையும் படித்து, நாம் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்றும் சொன்னால் போதும், ரோட்டின் எந்தப் பக்கம் என்பதுகூட அவர்களுக்குப் புரிந்துவிடும். தேசிய நெடுஞ்சாலைக்கென்று 1033 என்று தனியாகவும் ஒரு எண் உண்டு. போலீஸ், கோர்ட் என்று இழுத்தடிப்பார்கள் என்று பயந்து ஒதுங்கிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவு உதவி செய்தவருக்கென்றே சேர்க்கப்பட்டது. பெயர் சொல்லக்கூட உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. அதோடு 2021 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, திட்டத்தின் வரம்புக்குள், அரசு ஏற்கும். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. பணம் யார் கட்டுவது என்ற பயம் வேண்டாம்.

போன் வேலை செய்யாத நேரமும் வரும். 2018 நவம்பர் 15 ராத்திரி கஜா புயல் அடித்து 16 விடிந்தபோது எங்கள் பக்கம் கரன்ட் இல்லை, டவர் இல்லை, ரோடு முழுக்கத் தென்னையும் புளியும் சாய்ந்து கிடந்தன. கீழத்தெருவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டது. எந்த நம்பரை அடித்தாலும் ஒரு சத்தமும் இல்லை. பையன்கள் அரிவாளும் கோடாலியும் எடுத்துக்கொண்டு முன்னால் வெட்டி வழி விட, கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து புயல் என்று வானொலியில் சொன்னதுமே, நிறைமாதத்தில் இருப்பவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுவது எங்கள் ஊரில் எழுதாத சட்டம். பெரியம்மாக்கள் முகத்தைச் சுளித்தாலும் கேட்பதில்லை. லைன் இருக்கும்போதே 1077-க்கு, அதாவது மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு, யார் யார் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார்கள் என்று சொல்லி வைத்துவிடுகிறோம்.

அறுவடைக் காலத்தில் இன்னொரு தொல்லை. ஈரநெல்லைக் காயவைக்க இடமில்லாமல் ரோட்டிலேயே கொட்டுகிறோம். ராத்திரி அதன்மேல் தார்ப்பாயை மூடிச் சுற்றிலும் கல்லை வைத்துவிடுகிறோம். விவசாயியின் கஷ்டம் எனக்குத் தெரியும், எங்கள் நெல்லும் அங்கே கிடந்ததுண்டு. ஆனால் இருட்டில் அந்தக் கல் வண்டிச் சக்கரத்துக்கு எமன். ரோட்டில் பாதியையாவது விடுங்கள் என்று ஊர்க்கூட்டத்தில் நான் மூன்று வருஷமாகச் சொல்லி வருகிறேன். சிலர் கேட்டார்கள், சிலர் இன்னும் கேட்கவில்லை.

பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் ஒரு பயிற்சி வைக்கிறேன். ஒருவர் கட்டுப்பாட்டு அறை, இன்னொருவர் அழைப்பவர். மாவட்டத்தில் ஆரம்பித்துத் தங்கள் வீட்டு வாசல்வரை தடங்காமல் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் எல்லோரும் தண்ணீர்த் தொட்டியைவிட்டு மாமா வீடு, சித்தி வீடு என்றே சொன்னார்கள். இப்போது அப்படி இல்லை. ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அவர்களே எழுதிய அட்டை ஒட்டியிருக்கிறது.

போன தை மாதம் ஒரு ராத்திரி பதினொரு மணி இருக்கும். கீழத்தெருவில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் பாட்டி மயங்கி விழுந்துவிட்டார் என்று ஆள் ஓடிவந்து சொன்னான். நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுகிறாள். பிள்ளை மட்டும் வாசற்படியில் நின்று போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசுகிறாள். "திருவாரூர் மாவட்டம், மன்னார்குடி தாலுகா… ஆமாங்க, மூச்சு இருக்குங்க, கூப்பிட்டாப் பேசலைங்க… வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு… ஒன்பதரைக்குச் சாப்பிட்டப்போ நல்லாத்தான் இருந்தாங்க." என்னைப் பார்த்ததும் கையைக் காட்டிப் பேசாமல் இருக்கச் சொன்னாள். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு மெயின்ரோட்டுக்கு நடந்தேன். அங்கே அவள் அப்பா தனியாளாக, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்லையெல்லாம் ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டு, பலகையால் தன் நெல்லை ரோட்டிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தார்.